மரக்காணத்தில் நூற்றுப் பதினெட்டு

வரல. இந்தப் பக்கம் தள்ளினா அந்தப் பக்கம் தலை நீட்டணும், ஒரு ஒயருக்கு இதைவிட என்ன பெரிய வேலை இருக்கு, வரமாட்டேங்குது சனியன். பதினோராவது தடவை. என்ஜினுக்கும் உள்ளே கால் வைக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு இரும்புத் தகடு, தகட்டுல ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி, அந்த மூடிக்குள்ள கம்பெனிக்காரன் ஏற்கெனவே விட்ட ஒயர்க் கட்டு அடைச்சுக்கிட்டு நிக்குது, அதுக்குப் பக்கத்துல என் ஒயர் ஒண்ணே ஒண்ணு நுழையணும். இருபது வருஷமா அடுத்தவன் கடைவாய்ப் பல்லுக்குள்ள கண்ணுக்கே தெரியாத வேர்க்குழாயைத் தேடி ஊசி விட்டவன் நான். டாக்டர் கபிலன் கை வெச்சா நாலாவது குழாயும் மாட்டும்னு திருவான்மியூர்ல பேர் வாங்கினவன். கிளினிக்ல இருந்து வாய்க் கண்ணாடியும் தலை விளக்கும் கொண்டுவந்து, அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணிக்கு, வேர்வை கண்ணுல இறங்க, மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஒரு ரப்பர் மூடிகிட்ட தோத்துக்கிட்டிருக்கேன். புத்தகத்துல எட்டாம் பக்கத்துல படம் போட்டிருக்கான், ரெண்டு பேர். ஒருத்தன் வெளியே தள்றான், இன்னொருத்தன் உள்ளே குனிஞ்சு இழுக்கறான், ரெண்டு பேர் மூஞ்சியிலயும் சிரிப்பு. ரெண்டு பேருக்கு நான் எங்கடா போவேன். தள்ளிட்டு எழுந்து, சுத்தி வந்து, கதவைத் திறந்து, தலையை பிரேக்குக்குக் கீழே விட்டுப் பார்க்கறேன், இல்ல. திரும்ப சுத்தி வரேன். முட்டி ரெண்டும் கழண்டுடும்போல இருக்கு.

நேத்து காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சேன், பன்னெண்டுக்கு முடிச்சுடலாம்னு. அந்த நினைப்புக்கே என்னைச் செருப்பால அடிக்கணும். சாமான் என்னவோ கொஞ்சம்தான். தீப்பெட்டி அளவுல ரெண்டு கண்ணு, முன்னாடி காத்துப் போற ஜாலிக்கு ரெண்டு பக்கமும் வைக்கறதுக்கு. டாஷ்போர்டுக்கு அடியில ஒட்ட ஒரு சின்னப் பெட்டி. நடுவுல இந்த ஒயர். ரோட்டோரம் போலீஸ்காரர் லேசர் துப்பாக்கியைக் காரைப் பார்த்துப் பிடிச்சார்னா, இந்தக் கண்ணு அதைக் கண்டுபிடிச்சு எதிர் வெளிச்சம் அடிக்கும், அவர் மெஷின்ல வேகம் விழாது, எனக்கு உள்ளே பீப்னு கத்தும், நான் மிதிச்ச காலை எடுத்துடணும். சிங்கப்பூர்ல இருக்கிற காலேஜ் சிநேகிதன் அனுப்பி வெச்சான், கூடவே ஒரு மெசேஜ், ‘எதுக்குடா உனக்கு இது, பல்லு புடுங்க அவ்வளவு அவசரமா’ன்னு. பதில் போடல. பம்பரைக் கழட்டறதுக்கே நேத்து சாயந்திரம் ஆயிடுச்சு. ஒளிஞ்சிருக்கிற கிளிப் பத்து, அதுல மூணு என் கையிலயே உடைஞ்சுது. பழைய பெட்ஷீட் விரிச்சு அதுல பம்பரைக் கிடத்தியிருக்கேன், பல்செட்டைக் கழட்டி வெச்ச கிழவனாட்டம் பொக்கை வாயோட நிக்குது காரு. ரெண்டு சீட் காரு. வாங்கறப்போ வான்மதி சொன்னா, ‘ரெண்டு பேர் இருக்கோம், ரெண்டு சீட் போதும், மூணாவதா யாரும் ஏறி உட்கார்ந்து அட்வைஸ் பண்ண முடியாது’ன்னு. அப்படிச் சிரிச்சா அன்னிக்கு. அவ ஊரைவிட்டுப் போன அன்னிக்கு ரெண்டு சூட்கேஸோட இதே பேஸ்மெண்ட்ல வந்து நின்னா. பேங்க்ல மேனேஜர் ப்ரமோஷன், பாண்டிச்சேரி கிளை. நான் டயருக்குக் காத்து பிடிச்சுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து சூட்கேஸைப் பார்த்தேன், ‘இதுல இடம் பத்தாதே’ன்னு சொன்னேன். ரெண்டு வருஷம் ஆச்சு, என் பொண்டாட்டிகிட்ட நான் கடைசியா பேசின வார்த்தை அது. இதுல இடம் பத்தாதே. சூட்கேஸைக் கீழே வெச்சா. அப்புறம் டாக்ஸி கூப்பிட்டா. நானும் டிரைவருக்கு சூட்கேஸ் தூக்க ஒத்தாசை பண்ணேன், மகா பெரிய மனுஷன் நான்.

போகாதேன்னு சொல்லியிருக்கலாம். சரி, அது முடியாது, ப்ரமோஷன், அவ பதிமூணு வருஷம் மாடா உழைச்சு வாங்கினது. நானும் வரேன்னு சொல்லியிருக்கலாம், பாண்டிச்சேரிக்காரனுக்குப் பல்லே இல்லையா என்ன. வாரத்துல மூணு நாள் இங்கே, மூணு நாள் அங்கேன்னு வெச்சிருக்கலாம். இதெல்லாம் இப்ப தோணுது, ஒரு ஓட்டைக்குள்ள விரலை விட்டுக்கிட்டு மல்லாந்திருக்கிறப்போ ஜம்முனு தோணுது. அப்ப வாய் வரல. வர்ற பேஷண்ட் அத்தனை பேரையும் ஆ காட்டு ஆ காட்டுன்னு உயிரை எடுக்கறவன், வீட்டுக்கு வந்தா என் வாயைத் திறக்க ஆள் வேணும். அவ வாய் திறந்து கேட்பான்னு நான் இருந்தேன், நான் கேட்பேன்னு அவ இருந்தா, நடுவுல வக்கீல் வந்து ரெண்டு பேரையும் ரொம்ப மரியாதையாக் கையெழுத்து கேட்டார். பரஸ்பர சம்மதம்னு அதுக்குப் பேரு. முதல் கையெழுத்து ஆச்சு. ஆறு மாசம் யோசிச்சுப் பாருங்கன்னு கோர்ட்ல சொன்னாங்க. வர்ற வியாழக்கிழமை ரெண்டாவது கையெழுத்து, அதோட கதை முடிஞ்சுது. முந்தாநேத்துகூட வக்கீல் போன் பண்ணார், ‘உங்க மிசஸ் சைடுல வியாழக்கிழமை வர்றாங்களான்னு இன்னும் உறுதி சொல்லலை சார், மூணு தடவை கேட்டாச்சு’ன்னு. சொல்லமாட்டா. மேனேஜர் அம்மா பிஸி. என்னை இழுத்தடிக்கறதுல ஒரு சந்தோஷம். இல்லையா? வேற என்னவா இருக்கும்? வேற என்னவோன்னு நினைக்கவே வேண்டாம், ஒயரைப் பாரு. இந்த நுனியில டேப்பு சுத்திக் கூரா பண்ணினா நுழையுமா பாரு.

நுழையல. எல்லாம் அந்த நம்பரால வந்த வினை. கார் வாங்கின அன்னிக்கு ஷோரூம்காரன் போன் பண்ணி, ஆர்சி புக்குக்கு மொபைல் நம்பர் சொல்லுங்கன்னான், என் ரெண்டு கையும் ஒரு அம்மா வாய்க்குள்ள. ‘மேடம் நம்பரையே போட்டுக்கோப்பா’ன்னு ஸ்பீக்கர்ல கத்தினேன். கேஸுக்கு அவ நம்பர், கரண்டுக்கு அவ நம்பர், பால்காரனுக்கு அவ நம்பர், காருக்கும் அவ நம்பர். என் பேர்ல ஒரு சிம் இருக்குன்னு அரசாங்கத்துக்கே தெரியாது. அவ போன அந்த மாசமே சிலிண்டர் தீர்ந்துபோச்சு, வாசல்ல ஆள் வந்து ஓடிபி சொல்லுங்க சார்ங்கறான், ஓடிபி பாண்டிச்சேரிக்குப் போயிருக்கு. சிலிண்டரே வேண்டாம் போய்யான்னு அனுப்பிட்டு ஒன்பது நாள் பிரெட் தின்னேன். அந்த ஒரு நாலு நம்பரைக் கேட்க முடியலை எனக்கு. காருக்குக் கொடுத்த போன் நம்பரை மாத்திடலாம்னு பார்த்தா, நான் பார்த்த இடத்துல அதுக்கும் ஓடிபி அவ போனுக்குத்தான் போகும்போல. உன் நம்பரைத் தூக்கணும், கொஞ்சம் ஓடிபி சொல்றியான்னு கட்டின பொண்டாட்டிகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேட்கறது. அதனால இப்ப என்ன ஆகுதுன்னா, நான் எங்கே வேகமாப் போய் மாட்டினாலும், அஞ்சு நிமிஷத்துல அவ போன்ல டிங்னு விழுது. இடம், நேரம், வேகம், கூடவே காரோட போட்டோ. மரக்காணம், நாலு பத்து, நூற்றுப் பதினெட்டு. அதை அவ அப்படியே எனக்கு அனுப்புவா. ஒரு எழுத்து கிடையாது. சூடா நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட ஆறுதலா இருந்திருக்கும். ஒரே ஒரு தடவை போட்டோவுல பக்கத்து சீட்டைச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டு, ஒரு கேள்விக்குறி. என்னடான்னு பெருசு பண்ணிப் பார்த்தா, அது நான் சீட் பெல்ட் போட்டு உட்கார வெச்சிருந்த பெட்டி, உள்ளே பிளாஸ்டர் தாடை அச்சு முப்பது, உருண்டு உடைஞ்சுடக் கூடாதேன்னு. மேலே என் வெள்ளைக் கோட்டைப் போர்த்தியிருந்தேன், அது பார்க்கறதுக்கு ஆள் மாதிரி. ‘அது பல்லும்மா’ன்னு டைப் பண்ணேன். படிச்சுப் பார்த்தேன், எனக்கே கேவலமா இருந்துது. அழிச்சுட்டேன். அந்தக் கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கு.

சனிக்கிழமை சனிக்கிழமை மரக்காணத்துல உனக்கு என்னடா வேலைன்னு யாராவது கேட்டா ஒரு பதில் தயாரா வெச்சிருக்கேன், பேட்டரி. ஓட்டாம நிறுத்தினா பேட்டரி இறங்கிடும். பேட்டரி ஏறணும்னா அடையாறு வரைக்கும் போனா பத்தாது, நூத்தி நாப்பது கிலோமீட்டர் பாண்டிச்சேரி வரைக்கும் போய், அவ இருக்கிற தெரு முனையில அந்த மருந்துக் கடைக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னு, இறங்காமத் திரும்பி வந்தாத்தான் ஏறும். பத்து வாரமா ஏத்தறேன். ஏன் இறங்கலை? இறங்கினா எங்கே வந்தேன்னு கேட்பா. பதில் இருக்கா? பேட்டரின்னா சொல்றது? அவ போன்ல அந்த மெசேஜ் விழும்போது என்ன நினைப்பா, இவன் எதுக்கு வாரா வாரம் இந்தப் பக்கமா அலையறான், வெட்கங்கெட்டவன், பேங்க்ல பக்கத்து சீட்டுக்காரிகிட்ட காட்டிச் சிரிப்பா. போகும்போது நாலு பத்து, வரும்போது சில சமயம் அஞ்சரை மணிக்கு மறுபடியும். போனதுக்கும் சாட்சி, வந்ததுக்கும் சாட்சி, திருட்டுப் பூனை பால் குடிச்ச கதை. அதான் இந்தப் பெட்டி. அவளுக்குத் தெரியவே கூடாது. நான் வந்ததும் போனதும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. அது சரி, உப்பளம் தாண்டினதும் ஒரு குடையை நிழலுக்கு நட்டு வெச்சு போலீஸ்காரங்க நிக்கறாங்கன்னு பத்து வாரமாத் தெரியுமே, தூரத்துலயே தெரியுமே, அங்கே மட்டும் மெதுவாப் போனா என்ன? கல்பாக்கம் வரைக்கும் ஒழுங்கா எழுபதுல போறவன் அந்தக் குடையைப் பார்த்ததும் ஏன் மிதிச்சேன்? பார்க்காம மிதிச்சேனா, பார்த்துட்டு மிதிச்சேனா? சரி சரி, நேர் ரோடு, காத்து நல்லா வருது, யாரா இருந்தாலும் மிதிப்பான். விடு. ஒயர்.

“டாக்டர்! ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் எந்தத் தட்டுமுட்டு வேலையும் கூடாதுன்னு லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கேன், கண்ணு தெரியலையா?” ரெபெக்கா மேடம். அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர், ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டர்ல முப்பது வருஷம் உட்கார்ந்து உலகத்துல யாரையும் நம்பாத பொம்பளை. எனக்கு அவங்க செருப்பு மட்டும்தான் தெரியுது. “தட்டலை மேடம். ஒயர் விடறேன்.” “கெட்ட வார்த்தை கேட்டுச்சே.” “அது ஒயரைச் சொன்னேன்.” குனிஞ்சு பார்த்தாங்க. என்ன ஏதுன்னு கேட்டாங்க. பொய் சொல்லத் தெம்பில்லை, லேசர், துப்பாக்கி, பீப், எல்லாத்தையும் சொன்னேன். கேட்டு முடிச்சுட்டு, “இவ்வளவு கஷ்டத்துக்கு மெதுவாப் போயிடலாமே டாக்டர்”ன்னாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பானரைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அவங்களோ செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டு, ஓட்டற சீட்டுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்து, தலையை உள்ளே விட்டாச்சு. “ஒத்த ஆள் செய்யற வேலையா இது? வான்மதி இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா. தள்ளுங்க. இன்னும் தள்ளுங்க. ஆங், வருது, வருது, எலி வால் மாதிரி எட்டிப் பார்க்குது, புடிச்சுட்டேன்!” புடிச்சுட்டாங்க. ரெண்டு நாளா என் உசுரை வாங்கின ஒயர், அரை நிமிஷம். “வர்ற வியாழக்கிழமைன்னு கேள்விப்பட்டேன்”ன்னு உள்ளே இருந்தே சொன்னாங்க, குரலை இறக்கி. ஆமான்னேன். “போய்ப் பார்த்துப் பேசலாம்ல?” பம்பர் போடணும் மேடம்னு சொன்னேன். அவங்க புடவையைத் தட்டிக்கிட்டுப் போய் செக்யூரிட்டி நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க.

ஒயரைப் பெட்டியில சொருகினேன். ஃபியூஸ்ல இருந்து கரண்ட் எடுத்தேன். ரெண்டு கண்ணையும் ரசமட்டம் வெச்சு நேர் பண்ணேன், இம்மி பிசகினாலும் வேலை செய்யாதாம். சாவியைத் திருப்பினதும் பெட்டியில பச்சை விளக்கு. புத்தகத்துல சொன்ன மாதிரி பரிசோதனைப் பொத்தானை அமுக்கினேன், பீப், சுத்தமா, கணீர்னு. முடிஞ்சுது. இனிமே மரக்காணமாவது குடையாவது. சந்தோஷம் வரணும். வரும், இருங்க, களைப்பு, அதான். பம்பரைத் தூக்கக் கையை நீட்டறேன், போன் அடிக்குது. திரையில ‘வானு’, வான்மதிதான். ரெண்டு வருஷத்துல முதல் தடவை. கையெல்லாம் கிரீஸ். சட்டையில துடைச்சுட்டு எடுக்கறதுக்குள்ள நின்னுடுமோன்னு துடைக்காமலே எடுத்தேன். “கபிலா.” “ம்.” “நல்லாத்தானே இருக்கே?” “இருக்கேன். ஏன்?” “நேத்து ஒண்ணும் வரலையே.” என்ன வரலைன்னு கேட்டேன். “மெசேஜ்தான். மரக்காணம்.” போனைக் காதோட அழுத்திக்கிட்டேன். அவளே பேசினா. “நாலு பத்துக்கு மெசேஜ் வரும். வந்ததும் நான் காபிக்குப் பாலை வெச்சுட்டு பால்கனியில வந்து நிப்பேன். நாலு அம்பதுக்கு நீ மருந்துக் கடைகிட்ட வந்து நிப்பே. திரும்பிப் போயிடுவே. ஒவ்வொரு வாரமும் இன்னிக்கு இறங்கிடுவான் இன்னிக்கு இறங்கிடுவான்னு பார்ப்பேன்.” “ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே வானு.” “நான்தான் ஒவ்வொண்ணையும் உனக்கு அனுப்பினேனே, பார்த்துட்டேன்னு. அதுக்கு மேல எப்படிடா கூப்பிடறது?” அவளே தொடர்ந்தா. “நேத்து ஆறு மணி வரைக்கும் நின்னேன். வரலை. சரி, அவனும் முடிச்சுக்கிட்டான்போலன்னு வக்கீலுக்குப் போன் பண்ணி வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன். மூணு வாரமா சொல்லாம வெச்சிருந்தேன். அப்புறம் படுத்தாத் தூக்கம் வரலை, எங்கேயாவது அடிபட்டுக் கிடக்கறியோன்னு. அதான் கேட்டுடலாம்னு. நல்லா இருக்கே இல்ல, போதும்.” “இரு, இரு. நேத்துல இருந்து கார் பிரிச்சுக் கிடக்கு.” “ஏன், ரிப்பேரா?” ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. ரிப்பேர், ஆமா, பேட்டரி. நுனி நாக்குல இருந்தது. “இல்லை. உனக்கு மெசேஜ் வராம இருக்கறதுக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டிருந்தேன்.” ரொம்ப நேரம் கழிச்சு, “மாட்டியாச்சா?”ன்னா. “ஆச்சு.” “வேலை செய்யுதா?” “நல்லாவே செய்யுது.” “சரி”ன்னா. வெச்சுட்டா.

திரும்ப அடிச்சேன். எடுக்கலை. இன்னொரு தடவை அடிச்சேன், முழுசா அடிச்சு ஓய்ஞ்சுது. அட முட்டாளே, அட கூறுகெட்ட முட்டாளே, பத்து வாரமா வாசலைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னிருக்கா, நீ இங்கே ரசமட்டம் வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்கே. கதவைச் சாத்தி ஸ்டார்ட் பண்ணேன். பச்சை விளக்கு எரியுது, எரியட்டும். சரிவுல ஏறும்போது பின்னாடி ரெபெக்கா மேடம் எழுந்து ஓடி வர்றது கண்ணாடியில தெரிஞ்சுது, “டாக்டர்! பம்பர்! நம்பர் பிளேட்டு இங்கே கிடக்கு டாக்டர், புடிச்சு உள்ளே வெச்சுடுவான்!” கையை மட்டும் ஆட்டினேன். கேட்டுக்கு வெளியே வெயில் பளீர்னு மூஞ்சியில அடிச்சுது. கோர்ட் பேப்பர்ல அவங்க அம்மாவோட மதுரை விலாசம்தான் இருக்கு, தெரு பேரே அவ பழைய கிளை அட்டெண்டர் சொல்லித் தெரிஞ்சுது, இத்தனை தடவை போயும் அந்தத் தெருவுல எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. மருந்துக் கடையில இறங்கி, ஒவ்வொரு கதவா தட்டிக் கேட்கணும்.